மூன்றாவது நிறத்து நாற்காலி

அத்தியாயம் 11

கதவைத் தட்டியது யார் என்று ஒரு வாரமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தவர்களுக்கு முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். போலீஸ் இல்லை. பச்சைக் கட்சி அடியாட்களும் இல்லை. சின்னவன்தான். அக்கா வீட்டுக் கதவைத் தம்பி உடைக்கிற மாதிரி தட்டுவானேன் என்றால், காரணம் இருக்கிறது. இன்று சாயங்காலம் தேர்தல் அலுவலகத்தை மூடுவதற்குள் மனுவை வாபஸ் வாங்கினால் உண்டு. அதற்கப்புறம் அவளே நினைத்தாலும் போட்டியிலிருந்து விலக முடியாது.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. இந்த ஊரில் பச்சை, ஊதா என்று இரண்டே கட்சிகள். ஒன்று சலித்தால் மற்றது, அது சலித்தால் மறுபடி இது. அப்பாவுக்கு நாற்காலி, மேடை, ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற தொழில். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். நாற்காலிக்காரருக்கு அதைவிடக் கொண்டாட்டம். யார் ஆட்சிக்கு வந்தாலும் தொழில் படுத்துவிடக் கூடாது என்று, பிள்ளைகள் இருவருக்கும் மீசை அரும்பிய வயதில் அவர் ஒரு காசைச் சுண்டிப் போட்டார். தலை விழுந்தது. பெரியவன் பச்சை. மிச்சமிருந்த ஊதா சின்னவனுக்கு. உங்கள் கொள்கை சுண்டிவிட்ட காசில் பிறந்தது என்று இன்றைக்கு யாராவது ஞாபகப்படுத்தினால் இரண்டு பேருமே அடிக்க வருவார்கள். கட்சிமேல் அவ்வளவு பக்தி.

இருவருக்கும் நடுவில் பிறந்த மகளுக்கு வீட்டில் 'நடு' என்றே பெயர். எனக்கு என்ன கட்சி என்று அவள் கேட்டதற்கு, காசுக்கு இரண்டு பக்கம்தானே என்று அப்பா சிரித்துவிட்டார். அதற்கப்புறம் அவள் அவரிடம் எதையும் கேட்கவில்லை. நர்ஸ் படிப்புப் படித்து, ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அந்த வார்டைப் பழுதுபார்க்கிறோம் என்று பச்சை ஆட்சியில் பூட்டினார்கள். திறப்போம் என்று சொல்லி ஓட்டு வாங்கிய ஊதா, எப்படித் திறப்பது என்று ஆராய ஒரு குழுவைப் போட்டது. மறுபடி வந்த பச்சை, பூட்டிய கதவுக்குப் புது வர்ணம் அடித்தது. இந்த அழகில், கடைவீதித் தையல்காரம்மா பக்கத்து நகரத்துக்குப் போகிற வழியில் ஒரு சாமான் வண்டிக்குள் பிள்ளை பெற்றாள். பிள்ளை தங்கவில்லை. உடம்பு தேறியதும் அவள் வந்து அந்தப் பூட்டிய வார்டின் படியில் உட்கார்ந்து, நீங்களே நின்றால் என்ன சிஸ்டர் என்று கேட்டாள். நடு நகராட்சித் தலைவர் தேர்தலுக்குச் சுயேச்சையாக மனுப் போட்டுவிட்டாள். முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவர் அப்பா. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் மகள் ஒன்று கேட்டபோது அவருக்கு மறுக்க வாய் வரவில்லை.

இனி கதைக்கு வருவோம்.

சின்னவன் உட்காரவில்லை. டீயையும் தொடவில்லை. ஊதாக் கட்சியின் ஊர்ப் பொருளாளர் என்கிற தோரணையை வாசலிலேயே விட்டுவிட்டு, பரீட்சையில் கோட்டைவிட்ட பையன் மாதிரி அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்தான். போன தடவை ஊதா தோற்றது மயிரிழையில். இந்தத் தடவை பச்சை ஜெயித்தால் ஆஸ்பத்திரியை மொத்தமாகத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவார்கள், காகிதமெல்லாம் தயார் என்றான்.

"அக்கா, உனக்கு விழற ஒவ்வொரு ஓட்டும் எங்க பக்கத்துலேருந்து போற ஓட்டு. பச்சைக்காரன் ஒருத்தன்கூட உனக்குப் போட மாட்டான். நீ நின்னா அவங்க ஜெயிச்சுடுவாங்க."

"எனக்குப் போடணும்னு நினைக்கிறவங்க எல்லாம் உங்க சொத்தா?"

"தத்துவம் பேசாதே. கணக்கைப் பாரு."

கணக்கு சரியாக இருந்ததுதான் நடுவுக்கு ஆத்திரம். தம்பி பொய் சொல்லியிருந்தால் வெளியே போடா என்று சொல்லியிருக்கலாம். அவன் சொன்னதை அவளே பல நாளாக விட்டத்தைப் பார்த்துப் படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறாள். வார்டைத் திறக்கத்தான் அவள் நிற்கிறாள். அவள் நிற்பதாலேயே ஆஸ்பத்திரி கைமாறிப் போனால், தையல்காரம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது? நீ என்ன முடிவு எடுத்தாலும் சோறு நான் வடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு நடுவின் புருஷன் பஸ் டெப்போ வேலைக்குப் போய்விட்டார். நல்ல மனுஷன், ஆனால் முடிவு அவரிடம் இல்லை.

சின்னவன் குரலைத் தாழ்த்தினான். அக்கா விலகினால் வார்டைத் திறப்பதாகத் தலைவர் தன்னிடம் சத்தியம் செய்திருக்கிறார் என்றான். தலைவர் என்றால் ஊதா வேட்பாளர்.

"உன்கிட்ட சொன்னாரா, ஊர்கிட்ட சொன்னாரா?"

"இப்பவே ஊர்ல சொன்னா தனியார் ஆஸ்பத்திரிக்காரங்க கோவிச்சுக்குவாங்க. தேர்தல் செலவுக்கு அவங்க கையைத்தான் நம்பியிருக்கோம்."

"பச்சைக்கு யார் செலவு பண்றாங்க?"

சின்னவன் ஜன்னலைப் பார்த்தான். அவர்களேதான் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

நடு ஒரு தாளை எடுத்து, மனுவை வாபஸ் வாங்கிக்கொள்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சின்னவனுக்கு உயிர் வந்தது. கையை நீட்டினான்.

"உன்கிட்ட இல்ல. அப்பாகிட்ட கொடுக்கிறேன். உங்க தலைவர் இன்னிக்குப் பூரா மைக்ல பேசப் போறாரு. வார்டைத் திறக்கிறேன்னு மைக்ல சொல்லட்டும். சொன்ன நிமிஷம் அப்பா இதை ஆபீஸ்ல கொடுத்துடுவாரு. நான் வாக்கு மாற மாட்டேன்."

வேட்பாளர் அல்லது முன்மொழிந்தவர், இருவரில் ஒருவர்தான் வாபஸ் கடிதத்தை நேரில் கொடுக்க முடியும். சின்னவனுக்கு அது தெரியும். நீட்டின கையை மடக்கிக்கொண்டு தலைவரைத் தேடி ஓடினான்.

அப்பாவின் கிடங்கு பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே போனால் இடப்பக்கம் பச்சை நாற்காலிகள், வலப்பக்கம் ஊதா நாற்காலிகள், கடைசியில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகிற வெள்ளை நாற்காலிகள், கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். தொழில் தொடங்கின புதிதில் பச்சைக் கூட்டத்துக்குப் போன லாரியில் தவறுதலாக ஒரே ஒரு ஊதா நாற்காலி ஏறிவிட்டது. நாற்காலியும் உடைந்தது, இறக்கப் போன ஆளின் கையும் உடைந்தது. அன்றைக்கு அப்பா ஒரு சட்டம் போட்டார். பச்சை ஆபீஸ் கேட்டால் ஒழியப் பச்சை வெளியே போகாது, ஊதா ஆபீஸ் கேட்டால் ஒழிய ஊதா போகாது. சொந்தத் தம்பி கல்யாணத்துக்குக்கூட அவர் அந்தச் சட்டத்தைத் தளர்த்தவில்லை. வெள்ளை நாற்காலி போதாமல் விருந்தாளிகள் தரையில் உட்கார்ந்தார்கள்.

நடு போனபோது பெரியவன் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தான். எல்லாம் வெள்ளைத் துணி உறை போட்ட நாற்காலிகள். பச்சைக் கட்சியின் வட்டச் செயலாளரான அண்ணன் தன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கூலியாளோடு கூலியாளாக நின்றது அவளுக்கு என்னவோ செய்தது. சாயங்காலம் சந்தைத் திடலில் அவள் கூட்டம். நாற்காலி, மைக் எல்லாம் தன் பொறுப்பு, வாடகை வேண்டாம் என்றான் பெரியவன்.

"கட்சி வேற, தங்கச்சி வேற. உன் கூட்டத்துல ஜனங்க நின்னுக்கிட்டுக் கேட்டா எனக்கு அசிங்கம். நான் இருக்கேன், தைரியமா பேசு."

அவன் கை அவள் தோளில் இருந்தது. காலையிலிருந்து இறுகிக் கிடந்தவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. தம்பி கணக்குப் பேசினான், அண்ணன் பாசம் பேசுகிறான் என்று தேற்றிக்கொண்டாள். பாவம்.

அப்பா வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு முழங்கால் தேய்மானம். கிடங்கின் உள்பக்கம் போவதை நிறுத்திப் பல நாளாகிறது. நடு தாளை அவர் கையில் கொடுத்து நிபந்தனையைச் சொன்னாள்.

"இதை எதுக்கும்மா என் தலையில கட்டறே?"

"நீங்க ஒருத்தர்தான் சொன்னா சொன்னபடி செய்வீங்க."

அப்பா தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஒன்றைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொல்லவில்லை. அவர் சொல்லாததை நான் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெண் களத்தில் இருந்தால் இனி எங்கள் நாற்காலி வெளியூரிலிருந்து வரும் என்று ஊதா ஆபீஸிலிருந்து நேற்றே ஆள் வந்து சொல்லியாகிவிட்டது. அது நடந்தால் கிடங்கில் வலப்பக்கம் அப்படியே தூங்கும். பாதித் தொழில்.

மத்தியானத்திலிருந்து ஊர் முழுக்கத் தலைவரின் குரல்தான். விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் எல்லாம் அப்பாவின் சரக்கு. தலைவர் தெருத்தெருவாகப் பேசப் பேச, பேசாத தெருவிலும் கேட்டது. சந்தைத் திடலில் தன் கூட்டத்துக்காகக் காத்திருந்த நடு, கம்பத்தடியில் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

சாலை வந்தது. சாக்கடை வந்தது. பச்சைக் கட்சியின் ஊழல் மூன்று தடவை வந்தது. அப்புறம் தாய்மை வந்தது. தாயைப் போல ஒரு தெய்வம் உண்டா என்று கேட்டார் தலைவர். பெற்ற வயிற்றின் பெருமையை உருக உருகப் பேசினார். ஆனால் பெறுவதற்கு ஓர் இடம் வேண்டுமே, அதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. பேச்சு அப்படியே நழுவித் தெருவிளக்குக்குப் போய்விட்டது.

திடலில் ஜனங்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். காய்கறிக்காரர்கள், பஸ் டெப்போ ஆட்கள், கைக்குழந்தையோடு வந்த பெண்கள். முதல் வரிசையில் உட்கார்ந்த தையல்காரம்மாவின் நாற்காலி ஒரு பக்கம் ஆடியது. நாற்காலிக்காரர் மகளுக்குக் கை சும்மா இருக்குமா? அவளை எழுப்பிவிட்டு, நாற்காலியைக் கவிழ்த்து, காலைச் சரிபார்க்க உறையின் முடிச்சை அவிழ்த்தாள்.

உள்ளே பச்சை.

நடு நாற்காலியைப் பழையபடி நிமிர்த்தி வைத்தாள். பக்கத்து நாற்காலியின் உறையை விரலால் தூக்கிப் பார்த்தாள். அதற்கடுத்தது. பின் வரிசையில் ஒன்று. எல்லாம் பச்சை. வேறு யார் பார்த்திருந்தாலும் இதில் ஒன்றும் தோன்றியிருக்காது. நாற்காலிக்கு ஏது கட்சி என்றிருப்பார்கள். அந்தக் கிடங்கில் வளர்ந்தவளுக்கு மட்டும் அதன் அர்த்தம் தெரியும். பச்சை ஆபீஸ் கேட்காமல் பச்சை வெளியே வராது.

பெரியவன் மேடையில் மைக்கை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கிட்டே போய் மெதுவாகக் கேட்டாள். வெள்ளையெல்லாம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டது, அவசரத்துக்கு இதை எடுத்து உறை போட்டேன் என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"அண்ணா, என்கிட்டயா?"

பெரியவன் மைக்கை அணைத்தான். பச்சை ஆபீஸ்தான் சொன்னது என்று ஒப்புக்கொண்டான். நாற்காலி, மைக், அவள் பேரைப் போட்ட நோட்டீஸ், எல்லாமே அவர்கள் செலவு.

"இதுல உனக்கென்ன நஷ்டம்? உட்கார்ந்திருக்கிறது உன் ஜனங்கதானே."

"பச்சைக்காரங்க என்னை ஜெயிக்க வைக்கப் போறாங்களா?"

"ஜெயிக்க வைக்க இல்லம்மா. நிக்க வைக்க. நீ கடைசி வரைக்கும் களத்துல இருந்தா போதும். ஊதா ஓட்டு ரெண்டாப் பிரியும், அவ்வளவுதான்."

அதை அவன் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. தங்கைக்கு மேடை, தன் கட்சிக்கு வெற்றி, பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று உண்மையாகவே நினைத்திருந்தான். அதுதான் அவளை அறுத்தது. விலகு என்கிற தம்பிக்கும் அவள் ஒரு கணக்கு. நில் என்கிற அண்ணனுக்கும் அவள் ஒரு கணக்கு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சும்மாவா சொன்னார்கள்? காலையில் தன் தோளில் இருந்த அந்தக் கையை நினைத்தபோது அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு மைக்கை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

வணக்கம் சொல்லவில்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் உறையைத் தூக்கிப் பாருங்கள் என்றாள். திடலில் ஒரு சலசலப்பு ஓடியது. இது பச்சைக் கட்சியின் செலவில் நடக்கிற கூட்டம் என்பதையும், அது தனக்கு இப்போதுதான் தெரியும் என்பதையும் சொன்னாள். காலையில் ஊதாக் கட்சியிலிருந்து வந்த பேச்சையும் மறைக்கவில்லை. தலைவர் மைக்கில் சொன்னால் விலகுவதாகத் தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பதையும் சொல்லிவிட்டாள்.

தையல்காரம்மாதான் எழுந்தாள்.

"சிஸ்டர், உங்களை நிக்கச் சொன்னதே நான்தான். ஆனா எனக்குத் தூக்கம் வரல. உங்களுக்குன்னு நான் குத்தற குத்து பச்சைக்குப் போய்ச் சேர்ந்துடுமோன்னு பயமா இருக்கு. எரியற கொள்ளியில எந்தக் கொள்ளி நல்ல கொள்ளின்னு பார்த்துப் பார்த்தே இத்தனை வருஷம் ஓட்டுப் போட்டாச்சு. இவன் வேண்டாம்னு போட்டிருக்கேன், அவன் வேண்டாம்னு போட்டிருக்கேன். இவங்க வேணும்னு ஒரு தடவைகூடப் போட்டதில்ல."

நடுவிடம் இதற்குத் தயாரான பதில் இல்லை. இருந்திருந்தால் அவளும் அரசியல்வாதி ஆகியிருப்பாள்.

"உங்க பயம் தப்பில்ல. நான் நின்னா பச்சை வரலாம். என் தம்பி போட்ட கணக்கு சரிதான். விலகினா ஊதா வரலாம். அப்ப வார்டு திறக்கலாம், திறக்காமலும் போகலாம். இதுக்கு மேல எனக்குத் தெரியாது. நீங்க சொல்லுங்க."

தையல்காரம்மா தன் நாற்காலியின் உறையைக் கழற்றி, உதறி, தரையில் விரித்து அதன்மேல் உட்கார்ந்தாள். நாற்காலியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டாள். பக்கத்தில் இருந்த காய்கறிக்காரர் தன் உறையைக் கழற்றினார். பிறகு இன்னொருவர்.

எல்லோரும் அப்படிச் செய்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மையில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நமக்கு எதற்கு வம்பு என்று சிலர், பச்சை வந்துவிடுமே என்று சிலர். மிச்சம் இருந்தவர்கள் வெள்ளைத் துணிகளை விரித்துத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைச் சுற்றிப் பச்சை நாற்காலிகள் காலியாக நின்றன. பெரியவன் மேடைக்குக் கீழே இறங்கி, யாரையும் பார்க்காமல் ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தான்.

"அப்ப நான் விலகல" என்றாள் நடு. "கடைசி வரைக்கும் இருப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு."

சொல்லி வாய் மூடவில்லை. கம்பத்து ஒலிபெருக்கி கரகரத்தது. சந்தைத் திடல் சமாச்சாரம் தலைவர் காதுக்குப் போய்விட்டது போலும். சின்னவன் அவர் காலைப் பிடித்தானோ, கழுத்தைப் பிடித்தானோ, தெரியாது.

"என் அருமைப் பெருமக்களே, நான் வெற்றி பெற்றதும் போடப்போகும் முதல் கையெழுத்து, நம் ஊர் மருத்துவமனையின் பிரசவ வார்டைத் திறப்பதற்காகத்தான். இது உறுதி."

தரையில் இருந்தவர்கள் அண்ணாந்து கம்பத்தைப் பார்த்தார்கள். நடுவும் பார்த்தாள். முதல் கையெழுத்தே அதற்குத்தான் என்று இத்தனை வருஷம் இரண்டு கட்சியும் வாயைத் திறந்து சொல்லாததை ஒருவர் ஊரறியச் சொல்லிவிட்டார். நாம் நின்றதால்தான் சொன்னார். சொன்னதால் நாம் விலகியாக வேண்டும். அப்பாவின் சட்டைப் பையில் தாள் இருக்கிறது. அப்பா வாக்குத் தவறினதாகச் சரித்திரமே கிடையாது. அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கைபேசியைத் தேடினாள்.

அப்பா அந்த நேரம் தேர்தல் அலுவலகத்தின் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். உட்கார வழியில்லாமல் இல்லை. அங்கே சுவரோரமாக எதிரெதிரே இரண்டு பெஞ்சுகள். ஒன்றில் பச்சைக்காரர்கள், மற்றதில் ஊதாக்காரர்கள். யார் எழுதி வைத்தார்கள் என்று தெரியாது, ஆனால் மாறி உட்கார்ந்தவர் கிடையாது. இரண்டு பக்கத்திலும் வாங்க, உட்காருங்க என்றார்கள். முழங்கால் கெஞ்சியது. அவருக்கு எந்தப் பக்கமும் போகத் தோன்றவில்லை.

வாசலுக்கு எதிரே இருந்த கம்பத்தில் தலைவரின் உறுதிமொழியை அவரும் கேட்டார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சொன்னால் கொடுத்துவிடுங்கள் என்றாள் மகள். தலைவர் சொல்லிவிட்டார். இதைக் கொடுத்துவிட்டால் ஊரில் அப்பாவை வாக்குத் தவறாதவர் என்பார்கள். ஊதா நாற்காலி பழையபடி வெளியே போகும். பாதித் தொழில் போய்விடுமே என்கிற பயம் தீரும். வாக்கு, பயம் இரண்டில் எது தன் கையைப் பையை நோக்கித் தள்ளுகிறது என்று அவருக்கே புரியவில்லை. அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

சின்னவன் மூச்சு வாங்க ஓடிவந்து பக்கத்தில் நின்றான். கேட்டீங்களா அப்பா, கேட்டீங்களா என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அவனும் ஒன்றைச் சாதித்துவிட்ட சந்தோஷத்தில்தான் இருந்தான்.

அப்பாவின் கைபேசி அடித்தது.

"அப்பா, கொடுத்துட்டீங்களா?"

"இல்ல. கையில வச்சிருக்கேன்."

"அவர் சொல்லிட்டாரு, நானும் கேட்டேன். ஆனா அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி, விலக மாட்டேன்னு இங்க ஜனங்களுக்கு வாக்குக் கொடுத்துட்டேன்."

அப்பா சின்னவனிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றார்.

"ஒரே நாற்காலியை ஒரே நாள்ல ரெண்டு இடத்துக்கு ஒத்துக்கிட்ட மாதிரி பண்ணிட்டியேம்மா."

"உங்களுக்கு அப்படி ஆனதில்லையா? ஆனா என்ன செய்வீங்க?"

"முதல்ல கேட்டவங்களுக்குத்தான் அனுப்புவேன். ரெண்டாவது ஆளு எவ்வளவு பெரிய மனுஷனா இருந்தாலும் மன்னிப்புக் கேட்டுக்குவேன்." அப்பா குரலைத் தாழ்த்தினார். "உன்னை முதல்ல கேட்டது யாரு?"

தரையில், வெள்ளைத் துணியின்மேல், தையல்காரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டிய வார்டின் படியில் அவள் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த அந்த நாள் நடுவின் கண் முன்னால் வந்தது. அவள் பதிலைச் சொன்னாள். அப்பா சரி என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைபேசியை அணைத்தார்.

உள்ளேயிருந்து குமாஸ்தா சாவிக்கொத்தோடு வந்தார்.

"பெரியவரே, மூடப் போறோம். ஏதாவது கொடுக்கணுமா?"

இரண்டு பெஞ்சுகளிலும் இருந்தவர்கள் அவரையே பார்த்தார்கள். ஊதாப் பெஞ்சு கொடு என்றது, பச்சைப் பெஞ்சு கொடுக்காதே என்றது, இரண்டும் வாயைத் திறக்காமல். அப்பா பையிலிருந்து கையை எடுத்தார். கை காலியாக இருந்தது.

"கொடுக்க ஒண்ணுமில்லைங்க. இங்க உட்கார்றதுக்கு இடம் பத்தல. காலையில இன்னொரு பெஞ்சு அனுப்பறேன், போட்டு வைங்க."

குமாஸ்தா பூட்டைத் திருப்பினார். பச்சைக்காரர்கள் சிரித்துக்கொண்டே படியிறங்கினார்கள். ஒருவர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்க வந்தார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சின்னவன் மட்டும் படியிலேயே நின்றான்.

"அப்பா, பச்சை ஜெயிச்சு அந்த ஆஸ்பத்திரி கைமாறினா, அது உங்க கையால போனதுதான்."

"தெரியும்டா" என்றார் அப்பா. உண்மையாகவே தெரிந்துதான் சொன்னார். கால் வலி பொறுக்காமல் கம்பத்தில் சாய்ந்துகொண்டார்.

சின்னவன் கைபேசியை எடுத்துக் கொஞ்சம் தள்ளிப் போய், வாபஸ் ஆகவில்லை என்று யாரிடமோ சொன்னான். அப்பாவின் தலைக்குமேல் தலைவர் இன்னும் அடுத்த தெருவில் பேசிக்கொண்டிருந்தார். அதே உறுதிமொழி, இப்போது இன்னும் உருக்கமாக.

"நான் வெற்றி பெற்றதும் போடப்போகும் முதல் கையெழுத்து, நம் ஊர் மருத்துவமனையின்..."

அங்கே யாரோ அவர் காதருகே குனிந்து எதையோ சொல்வது ஒலிபெருக்கியில் லேசாகக் கேட்டது. தலைவர் இருமினார். அப்புறம் தெருவிளக்குகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.